இரட்டை சைக்கிளின் பின்சீட்

ஜூலை 2, புதன். பிஸ்கட்டவே, அமெரிக்கா

புழுக்கம். ஏசி ஓடியும் மாடி அறை வேகிறது. கடைசி மீட்டிங் முடிந்து லேப்டாப்பை மூடிய கையோடு பெட்டி கட்ட உட்கார்ந்தேன்.

எடுத்தாயிற்று: சைக்கிள் பேண்ட் இரண்டு, கையுறை, மழைக்கோட்டு, பஞ்சர் செட், பிரஷர் மாத்திரை.

எடுக்காதது: வசந்தியின் ஹெல்மெட். எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கட்டில் மேலேயே கிடக்கிறது. ஊதா நிறம். விலைச்சீட்டு இன்னும் பிய்க்கவில்லை.

அவள் பாஸ்போர்ட் இன்னும் திரும்பி வரவில்லை. காலையிலிருந்து பல தடவை பார்த்துவிட்டேன். 'பரிசீலனையில்' என்றே நிற்கிறது.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் ஆறும். மே மாதம் எங்கள் கல்யாண நாள், இருபத்தைந்தாவது. ஓக் ட்ரீ ரோட்டில் நம்மூர் ஹோட்டலில் சாப்பிட்டு முடித்து ஒரு கவரை நீட்டினேன். தெற்கு பிரான்சில் ஒரு பழைய கால்வாய். கரையோடு ஒரு வாரம் சைக்கிள் பயணம், வழியில் சின்னச் சின்ன ஊர்களில் தங்கல். அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, அதனால் இருவர் ஓட்டும் இரட்டை சைக்கிள். முன்னால் நான், பின்னால் அவள், உட்கார்ந்து மிதித்தால் போதும். ஆறு மாதம் அவளுக்குத் தெரியாமல் போட்ட திட்டம். முழுதாகப் படித்துவிட்டு, "எனக்கு விசா வேணுமேங்க" என்றாள்.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவே இல்லை. நான் சிட்டிசன் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. அவள் ஆகவில்லை. கிரீன் கார்டோடு நின்றுகொண்டாள், பாஸ்போர்ட் இன்னும் இந்தியாதான். என் கைக்கு நீல பாஸ்போர்ட் வந்த பிறகு விசா என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மருந்துக் கம்பெனியில் வேலிடேஷன் வேலை எனக்கு. அடுத்தவன் விட்டதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

"ஆறு மாசம் உக்காந்து எல்லாம் யோசிச்சீங்க. நான் எந்த ஊர்க்காரிங்கறத மட்டும் யோசிக்கல." கோபமாகச் சொல்லவில்லை. பாயசத்தைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

விசா அப்பாயின்ட்மெண்ட் கிடைப்பதற்குள் ஜூன் பாதி ஓடிவிட்டது. நானும் போகவில்லை என்றேன். "டிக்கெட்ட எதுக்கு வீணாக்கறது? நீங்க முன்னாடி போங்க. பாஸ்போர்ட் வந்தா பின்னாடியே வர்றேன்" என்றாள். அவள் டிக்கெட்டை அடுத்த செவ்வாய்க்கு மாற்றினேன். புதன்கிழமை கார்க்கஸோன் என்ற கோட்டை ஊரில் வந்து சேர்ந்துகொள்வாள். அங்கிருந்து நான்கு நாள் சேர்ந்து ஓட்டலாம்.

ஹெல்மெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். பாதி இடம் அதற்கே போயிற்று.

ஜூலை 3, வியாழன். நெவார்க், கேட் அருகில்

மழை வந்து விட்டது. விமானம் தாமதம்.

வசந்திதான் டிரைவ் பண்ணிக் கொண்டுவந்து விட்டாள். டர்ன்பைக் நெடுஞ்சாலை முழுக்க ஜூலை நான்கு லாங் வீக்எண்ட் நெரிசல். பேசிக்கொள்ள நேரம் நிறைய இருந்தது. அவள் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினாள். இறங்கும்போது ஒரு பையைக் கொடுத்தாள். "பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். அங்க வெறும் ரொட்டியாத்தான் இருக்கும்." டிராப் பண்ணும் இடத்தில் போலீஸ்காரர் விசில் ஊதினார். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் நண்பன் சேகரின் மெசேஜ்: "என்ன தல, செகண்ட் ஹனிமூனா? சிஸ்டர கேட்டதா சொல்லு." சரி என்று கட்டை விரல் அனுப்பினேன். வேறென்ன அனுப்ப.

ஜூலை 4, வெள்ளி. துலூஸ்

காலை இறங்கினேன். இங்கே வெயில் சுள்ளென்று, ஆனால் வேர்வை இல்லை. ஊர் முழுக்க செங்கல் நிறம். தூக்கமில்லாத கண்ணுக்கு எல்லா வீடும் ஒன்றாகத் தெரிந்தது.

சைக்கிள் கடை கால்வாய் ஓரத்திலேயே. கடைக்காரர் தாடிக்காரர், ஓரளவு இங்கிலீஷ் பேசுகிறார். இரட்டை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பச்சை நிறம். நான் கற்பனை செய்திருந்ததைவிட நீளம். நம் வீட்டு வாசலில் நிறுத்தினால் குடியிருப்பு அசோசியேஷனிலிருந்து கண்டனக் கடிதம் வரும்.

அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். மேடம் எங்கே?

புதன்கிழமை வருகிறாள் என்றேன். அதுவரை தனி சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள், இதைத் தனியாக ஓட்டுவது முட்டாள்தனம், கார்க்கஸோனில் எங்கள் ஆளிடம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. வேண்டாம், இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தனி சைக்கிள் எடுத்தால் அவள் வரமாட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பின்சீட்டைப் பொருத்த வேண்டும், மேடம் என்ன உயரம் என்று கேட்டார். அடி, அங்குலம் எதுவும் வாயில் வரவில்லை. கையை என் தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சீட்டை இறக்கி முடுக்கினார்.

மாலை பையைப் பிரித்தேன். சின்ன பாட்டில் இரண்டு, மகள் நித்யா காலேஜ் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன அதே பாட்டில்கள். ஒரு ஸ்பூன். எனக்கு ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்கும். அவள் வந்தால் போதாது, வரும்போது கொண்டுவருவாள்.

ஜூலை 5, சனி. ஏதோ ஒரு பெயர் வாயில் நுழையாத கிராமம்

கிளம்பும்போது மேகம், பிறகு காற்று. எதிர்க்காற்று.

இரட்டை சைக்கிளைத் தனியாக ஓட்டுவது பற்றி: நேராகப் போனால் பரவாயில்லை. திரும்புவதற்கு லாரி திருப்புகிற மாதிரி இடம் வேண்டும். கார் நுழையாமலிருக்க வைத்திருக்கும் குறுக்குக் கம்பிகள் வந்தால் இறங்கி, தூக்கி, வளைத்து, தள்ளி. தொடை இப்போதே கெஞ்சுகிறது. பின்சீட்டில் என் பையைக் கட்டியிருக்கிறேன், பையின் மேல் ஊதா ஹெல்மெட்.

இன்னொன்று. நான் மிதித்தால் பின்பெடலும் சேர்ந்து சுற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே சங்கிலிதானாம். ஆளில்லாத பெடல் பின்னால் கடக், கடக் என்று கூடவே வந்துகொண்டிருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கால்வாய் அழகு. மறுக்க முடியாது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரம், தண்ணீர் பச்சை, படகுகள் நடக்கிற வேகத்தில் போகின்றன. சில இடத்தில் மரமெல்லாம் நோய் வந்து வெட்டியிருக்கிறார்கள். அங்கே மட்டும் மொட்டை வெயில். நம் வீட்டுப் பக்கத்து ராரிட்டன் கால்வாய்க் கரையில் ஞாயிறுதோறும் ஓட்டுகிறேனே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு சூரியகாந்தி வயல் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். நிறுத்தி போட்டோ எடுத்தேன். அருமை என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லாமல் பார்த்தால் எதுவும் பாதிதான் தெரிகிறது. உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

எதிரே வந்தவர்களெல்லாம் சிரிக்கிறார்கள். ஒரு பையன் பின்சீட்டைக் காட்டி என்னவோ கத்தினான். ஒரு படகிலிருந்து வயதான இங்கிலீஷ்காரர்: "மனைவியை எங்கே விட்டீர்கள்?" புதன்கிழமை வருகிறாள் என்றேன். இன்று மட்டும் நான்கு பேரிடம் சொல்லியிருப்பேன்.

இரவுச் சாப்பாடு: கப்பில் வந்த ரெடிமேட் சோறு, தயிர், பருப்புப்பொடி.

ஜூலை 6, ஞாயிறு. காஸ்தெல்னொதரி

காற்று இன்னும் பலம். தங்கிய வீட்டு அம்மாள் சொன்னார்: இந்தக் காற்றுக்கு ஒரு பெயர் உண்டாம், தொடர்ந்து வீசினால் மனிதர்களுக்குப் பைத்தியம் பிடிக்குமாம். ஆளில்லாத சீட்டோடு சைக்கிள் ஓட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மதியம் நூரூஸ் என்ற இடம். கால்வாயின் உச்சி இதுதான். மலையிலிருந்து வரும் தண்ணீர் இங்கே விழுந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மேற்கே அட்லாண்டிக், ஒரு பங்கு கிழக்கே மத்தியதரைக் கடல். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை, வாய்க்கால் மாதிரி இருக்கிறது. ஒரு இலையைப் போட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். கரையில் ஒதுங்கி நின்றுவிட்டது.

போட்டோ எடுத்து வசந்திக்கு அனுப்பினேன். "நல்லாருக்கு" என்று பதில். அடுத்து, "சாப்டீங்களா?"

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பழையதெல்லாம் ஓடியது. சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் போடும்போது இருவருக்கும் சேர்த்தே பிரிண்ட் எடுத்தேன். அவள் வேண்டாம் என்றாள். "கையத் தூக்கி அவங்க சொல்ற உறுதிமொழிய நான் சொல்ல மாட்டேனுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஊருக்குப் போற கதவ சாத்தாம வெக்கணும்." நித்யா காலேஜ் முடிக்கட்டும், கோயமுத்தூர் போய்விடலாம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். நித்யா முடித்தாள். ஆலன் என்ற ஊரில் வேலைக்கும் போய் இரண்டு வருடம். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதால் அவளுக்கும் ஆசை போய்விட்டது என்று சௌகரியமாக எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் பிரான்ஸைக் கொண்டுவந்து வைத்தேன். இப்படித்தான் நடந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தவுடன் தெரிந்தது, அவ்வளவு சுலபம்.

அவள் வந்தவுடன் இதைப் பேச வேண்டும். நேரில். பின்சீட்டில் இருந்தால் என் முகம் தெரியாது, எனக்கும் சொல்ல வரும்.

இந்த ஊரில் பீன்ஸும் கறியும் போட்ட ஒரு மண்சட்டி அயிட்டம் பெயர்பெற்றது. எல்லா ஹோட்டல் வாசலிலும் அதுதான். என்ன கறி என்று கேட்டேன். வாத்து, பன்றி. மறுபடி தயிர், பருப்புப்பொடி. பாட்டில் பாதி.

ஜூலை 7, திங்கள். பிராம் அருகில்

திங்கட்கிழமை பேக்கரிக்கு லீவாம். ஊரே பட்டினி கிடக்கும் போல. ஆப்பிள் இரண்டு வாங்கினேன்.

இன்று ஒருத்தி பின்சீட்டில் ஏறினாள்!

படகுகளை ஏற்றி இறக்க வழியெல்லாம் மதகு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, ஒரு ஆள். அப்படி ஒரு மதகுக்காரி. ஐம்பதைத் தாண்டியிருப்பாள், கட்டையான உடம்பு, சீருடைச் சட்டை. கையில் ஒரு பெரிய பையோடு கரையில் நடந்துகொண்டிருந்தாள். நான் கடக்கும்போது கையைக் காட்டினாள். கார் படுத்துவிட்டது என்பதைப் புகை, டமார் எல்லாம் போட்டு நடித்துக் காட்டினாள். பிறகு பின்சீட்டைத் தட்டி, ஏறட்டுமா என்பது போல ஒரு பார்வை. பையை முன்கம்பிக்கு மாற்றினேன். ஊதா ஹெல்மெட்டை அவளே எடுத்து மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். விலைச்சீட்டு காதோரம் ஆடியது.

என்ன வித்தியாசம்! சைக்கிள் அப்படியே பறந்தது. அதே காற்று, அதே எதிர்ப்பக்கம், தெரியவே இல்லை. மூன்று நாளாக நான் இழுத்தது எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் பிரெஞ்சில் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. பதிலுக்கு நானும் தமிழில் ஆரம்பித்தேன். முதலில் விளையாட்டாகத்தான். "இந்த சீட்டு எம் பொண்டாட்டியுதுங்கம்மா. அவளுக்கு விசா வேணும்ங்கறதயே மறந்துட்டனுங்க." அவள் உய், உய் என்றாள். ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். நான் விடவில்லை. "ஊருக்குப் போலாம்னு சொல்லிச் சொல்லி ஏமாத்திட்டேன். அவ ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட சண்ட போட்டு முடிச்சிருப்பமுங்க. இப்ப அவளுக்கு என்ன தோணுதுன்னே எனக்குத் தெரியறதில்ல. எனக்குப் பயமா இருக்குங்கம்மா." கடைசி வாக்கியம் நான் நினைத்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. அவள் உய் என்று சொல்லவில்லை. கொஞ்ச தூரம் சும்மா மிதித்துக்கொண்டு வந்தாள்.

மதகு வந்ததும் இறங்கி, ஹெல்மெட்டைப் பழையபடி பையின் மேல் கட்டினாள். சீட்டைத் தட்டிப் பார்த்து, தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, கட்டை விரலை உயர்த்தினாள். உயரம் சரியாக இருக்கிறதாம். உயரம் மட்டும் எனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. பையிலிருந்து ஒரு ரொட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். திங்கட்கிழமை ரொட்டி இவளுக்கு மட்டும் எங்கே கிடைத்ததோ.

மாலை: பாஸ்போர்ட் டிராக்கிங்கில் 'டெலிவரி ஆயிற்று'!!! வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பிறகு மெசேஜ்: "வந்துருச்சுங்க. விசா இருக்கு. நாளைக்குப் பேசறேன்."

ரூம்காரரிடம் கேட்டு ஒரு குவளை ஒயின் குடித்தேன். தனியாக. நன்றாகவே இருந்தது.

ஜூலை 8, செவ்வாய். கார்க்கஸோன்

காற்று நின்றுவிட்டது. வெயில்.

வேகமாக வந்து சேர்ந்தேன், மதியத்துக்குள். செய்தது:
சைக்கிளைக் கழுவினேன், பின்சீட்டைத் தனியாக.
இரண்டு பேருக்கான அறைக்கு மாறினேன்.
ரயில் நிலையத்துக்கு ஒரு தடவை நடந்துபோய் எந்தப் பக்கம் வெளியே வருவாள் என்று பார்த்து வைத்தேன்.
முடி வெட்டிக்கொண்டேன். ரொம்பக் குட்டையாக வெட்டிவிட்டான்.

நித்யா கூப்பிட்டாள். ஆலனில் காலை, வேலைக்குப் போகிற வழி, பின்னால் ஃப்ரீவே சத்தம். "அப்பா, டிட் யூ டாக் டு அம்மா?"

இன்னும் இல்லை, இப்போது கிளம்பும் அவசரத்தில் இருப்பாள் என்றேன்.

"ஓகே. ஜஸ்ட்... ஷீ வில் கால் யூ. டோன்ட் கெட் மேட், ஓகே?"

எதற்குக் கோபப்பட வேண்டும் என்று கேட்டேன். எக்ஸிட் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வசந்தி கூப்பிட்டாள். கால்வாய்ப் படித்துறையில் உட்கார்ந்து பேசினேன். பேசினதை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடாமல் இருக்க. மறக்கப்போவதில்லை என்பதும் தெரிகிறது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. ஏர்போர்ட் எத்தன மணிக்குக் கெளம்பற? சேகர வரச் சொல்லட்டுமா?"

"சேகரண்ணந்தான் கொண்டாந்து விடறாங்க." பெட்டி ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. "நான் அங்க வரலீங்க. ஊருக்குப் போறேன்."

"எந்த ஊருக்கு?"

சிரித்துவிட்டாள். "எந்த ஊருன்னு கேக்கறீங்க பாருங்க."

அவளே பேசினாள்.

"கோவிச்சுக்கிட்டெல்லாம் போகலீங்க. விசா குடுத்துட்டான், பளபளன்னு ஒட்டியிருக்கு. அதுக்குத்தான் வெரல் ரேகை, பேங்க் ஸ்டேட்மெண்ட், எங்க தங்குவ, எப்பத் திரும்புவ, அத்தன கேள்வி. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு வெளிய வந்து நின்னப்பவே தோணுச்சு. ஒரு கேள்வியும் இல்லாம என்னைய உள்ள விடற ஊரு ஒண்ணு இருக்கறப்ப, நான் எதுக்கு இங்க கெஞ்சிக்கிட்டு நிக்கறேன்?"

"எத்தன நாளு?"

"மூணு மாசம். டேகேர் வேலைல லீவு சொல்லிட்டேன். கோயமுத்தூர்ல, வடவள்ளில ஒரு வீடு வாடகைக்குப் பேசியிருக்கேன். இருந்து பாக்கறேன். புடிக்கலன்னா வந்தர்றேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"உங்க கவர நீட்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."



"உனக்கு சைக்கிள் சீட்டெல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

அவள் குரல் இறங்கிவிட்டது. "தெரியும்ங்க. போட்டோல பாத்தேன். ஹெல்மெட்டெல்லாம் கட்டி வெச்சிருக்கீங்க." பிறகு, "வர்றதுன்னா நீங்களும் வாங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இப்ப உங்களுக்குத்தான் விசா வேணும்."

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. அங்கே பிறந்து வேறு நாட்டுக் குடிமகன் ஆனவர்களுக்கு ஓசிஐ என்று ஒரு அட்டை தருவார்கள், ஆயுசுக்கும் விசா வேண்டாம். இரண்டு வருடமாக அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோ எடுக்க வேண்டும், அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியவன் நான்.

படித்துறையில் ரொம்ப நேரம். ஒரு படகுக்காரர் மாலை வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

இரண்டு பேர் அறை. இரண்டு துண்டு, இரண்டு சோப்பு, இரண்டு சாக்லேட். இரண்டையும் நானே தின்றேன்.

ஜூலை 9, புதன். கார்க்கஸோன்

நல்ல வெயில். கோட்டை பார்க்கப் போனேன். வந்ததற்குப் பார்த்துவிடலாம் என்று.

இரட்டை மதில், கூம்புத் தொப்பி போட்ட கோபுரங்கள், உள்ளே தெரு முழுக்க ஐஸ்கிரீம் கடை, பிளாஸ்டிக் வாள் கடை. கூட்டம். எல்லோரும் ஜோடி ஜோடியாக, குடும்பம் குடும்பமாக. ஒருவர் தன் குடும்பத்தை போட்டோ எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். உங்களை எடுக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

மதில் மேல் நடக்கும்போது கோபம் வந்தது. நேற்று வரவேண்டியது இன்று வந்தது. சேகருக்குத் தெரியும், நித்யாவுக்குத் தெரியும், டேகேருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. பிஸ்கட்டவே முழுக்கச் சிரிக்கட்டும். அவள் டெல்லி விமானத்தில் மேலே எங்கோ போய்க்கொண்டிருந்த நேரம். அண்ணாந்து பார்த்து வாய்விட்டு இரண்டு வார்த்தை திட்டினேன். பக்கத்திலிருந்த ஜப்பான்காரப் பாட்டி நகர்ந்துகொண்டார்.

மதியம் பாட்டிலைத் திறந்தேன். பருப்புப்பொடி அடியில் ஒரு விரற்கடை இருக்கிறது. சின்ன பாட்டில். ஒரு ஸ்பூன். அவள் அன்றைக்கே ஒருவனுக்குத்தான் கட்டியிருக்கிறாள். அப்போதே முடிவு செய்துவிட்டாளோ, இல்லை விசா வராது என்று நினைத்தாளோ. பிரித்தவுடன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் கோபம் போய்விட்டது. அது இருந்தபோதே தேவலை.

ஜூலை 10, வியாழன். திரெப் தாண்டி

இளங்காற்று, பின்னாலிருந்து. கிடைத்தற்கரிய நாள்.

கடைக்காரரின் ஆள் சைக்கிளை மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று இதையே ஓட்டுகிறேன். ஏன் என்று தெரியவில்லை, பழகிவிட்டது. பின்பெடல் சத்தம் இல்லாவிட்டால் காது தேடும்.

திராட்சைத் தோட்டங்கள். வளைந்து வளைந்து போகும் கரை. ஒரு பழைய கல்பாலத்தின் அடியில் குனிந்து போனபோது அவள் இருந்தால் கத்தியிருப்பாள் என்று நினைத்தேன், நானே கொஞ்சம் கத்திப் பார்த்தேன். எதிரொலி நன்றாக வந்தது.

மதகில் ஒருவர்: மேடம் எங்கே?

இந்தியாவில் என்றேன். முதல் தடவையாக உள்ளதைச் சொன்னேன்.

"ஆ, இந்தியா! அழகான நாடு. நீங்கள் எப்போது போகிறீர்கள்?"

விசா வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், மதகைத் திறக்கப் போய்விட்டார்.

மாலை வசந்தியிடமிருந்து மெசேஜ். "எறங்கிட்டேன். டெல்லில பாஸ்போர்ட்ட பாத்தாங்க, சீல் குத்துனாங்க. ஒரு கேள்வி கேக்கல." அடுத்து ஒரு போட்டோ. கோயமுத்தூர் பீளமேடு ஏர்போர்ட் வாசல், மழை பெய்து நனைந்த தரை, அவள் செருப்பின் நுனி. ஊரில் ஆடிக்காற்று முன்னாலேயே வந்துவிட்டதாம்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரைதான்.

ஜூலை 11, வெள்ளி. லெ சொமாய்ல்

மேகமூட்டம். கால்வாய் ஓரத்து காப்பிக் கடை, மேஜை ஆடுகிறது. சைக்கிள் மரத்தில் சாய்த்திருக்கிறது. ஓசிஐ-க்கு மாதக்கணக்கில் ஆகும். இ-விசா சில நாளில் வந்துவிடும் என்று போட்டிருக்கிறது. போனிலேயே ஆரம்பித்தேன்.

தற்போதைய நாடு: அமெரிக்கா.

முந்தைய நாடு: இந்தியா.

மனைவியின் நாடு: இந்தியா.

இதற்கு முன் இந்தியா வந்ததுண்டா? ஆம். எங்கே தங்கினீர்கள்? ஒரே ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள். பிறந்து, படித்து, வேலை பார்த்து, கல்யாணம் செய்து என்று எழுத முடியாது. தாராபுரம் என்று போட்டேன்.

வரும் நோக்கம்: கீழே ஒரு பட்டியல். ஊர் சுற்றிப் பார்த்தல். உறவினர், நண்பர்களைப் பார்த்தல். யோகா. உறவினர்.

பிறகு: இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி.

வசந்தி என்று டைப் அடித்தேன். முகவரிக்கு நின்றுவிட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வடவள்ளி என்பதோடு சரி.

மெசேஜ் போட்டேன்: "விசா ஃபாரத்துல உன் அட்ரஸ் கேக்கறான்."

நீல டிக் விழுந்தது. கடைக்காரப் பெண் வந்து இன்னொரு காப்பியா என்றாள், போதும் என்றேன். ஒரு படகு போயிற்று, அதன் அலை கரையில் வந்து மோதி அடங்கியது. அப்புறம் முகவரி வந்தது. கதவு எண், மாடி, தெரு, பக்கத்துப் பள்ளிக்கூடம், எல்லாம் விவரமாக. கூரியர்காரனுக்குச் சொல்கிற மாதிரி.

காப்பி பண்ணி ஒட்டினேன். அதற்குள் அடுத்தது வந்தது.

"எந்த விசா போட்டீங்க? முப்பது நாளா, அஞ்சு வருசமா?"

மேலே போய்ப் பார்த்தேன். முப்பது நாள். முதல் பக்கத்தில் எதுவும் யோசிக்காமல் முதலில் இருந்ததை அமுக்கியிருக்கிறேன்.

மாற்ற விடவில்லை. மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம்.

அழித்தேன்.

முதல் பக்கம். ஐந்து வருடம். பெயர். பிறந்த ஊர்: தாராபுரம்.